வாசல்லயே நிக்க வெச்சுட்டீங்களே, தம்பி!



ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு தை மாசம். பொங்கல் முடிஞ்சு, மஞ்சள் வெட்டுக்கு ஆள் தேடிக்கிட்டிருந்த நேரம். கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் இருந்து ஒரு டீச்சரம்மா போன் பண்ணினாங்க. பணி ஓய்வு பெற்றவங்க. நாலு வருசமா எங்க குழுவிடம் நாட்டுச்சர்க்கரையும் மஞ்சள்தூளும் வாங்குறவங்க. ஞாயித்துக்கிழமை நாங்க வண்டியில் கொண்டு போய் இறக்கும் இடத்துக்கே பையோட வந்து வாங்கிட்டுப் போவாங்க. முழங்கால் வலி வந்த பிறகு வர முடியலை. "நீங்க இணையத்துல கடை போட்டிருக்கீங்களாமே, அதுலயே வாங்கிக்கறேன்"னு சொல்லியிருந்தாங்க.

"தம்பி, உங்க கடைக்குள்ள போனேன். சர்க்கரை ரெண்டு கிலோ, மஞ்சள்தூள் கால் கிலோ எடுத்துக் கூடையில போட்டேன். பணம் கட்டலாம்னு போனா, உள்ள விடவே மாட்டேங்குது. பிறந்த தேதி கேக்குது. பாஸ்வேர்டு வைக்கச் சொல்லுது. வெச்சா, பெரிய எழுத்து ஒண்ணு வேணும், நம்பர் ஒண்ணு வேணும், குறி ஒண்ணு வேணுங்குது. எல்லாம் போட்டு முடிச்சா, கடைசியில அனுப்புற கூலி 140 ரூபாய்னு காட்டுது. சர்க்கரை வாங்க வந்தவளை வாசல்லயே நிக்க வெச்சுட்டீங்களே, தம்பி!"

எனக்குச் சங்கடமாப் போச்சு. அன்னிக்கு ராத்திரி, மோட்டார் போட்டுவிட்டு, தோட்டத்துச் சாலையில் உட்கார்ந்து என் போனிலேயே எங்க கடையில் சர்க்கரை வாங்கிப் பார்த்தேன். கடை தொடங்கி ஏழு மாசம் ஆகியிருந்தது. ஒரு தடவைகூட நான் அதைச் செய்து பார்த்ததில்லை. பணம் கட்டும் பக்கத்தில் நிரப்ப வேண்டிய கட்டங்களை எண்ணினேன். 14 இருந்தது. அத்தனையும் இங்கிலீசில். ஒன்று தப்பாகப் போட்டால் மொத்தமும் அழிந்து, முதலில் இருந்து நிரப்பணும். ஆணா பெண்ணா என்று ஒரு கட்டம். திருமண நாள் என்று ஒரு கட்டம். சர்க்கரை விற்கிற எங்களுக்கு ஒருத்தருடைய திருமண நாள் எதுக்குங்க?

எட்டு வருசம் மண்ணைத் தேற்றியிருக்கோம். ஜீவாமிர்தம் கரைச்சு, பலதானியம் விதைச்சு மடக்கி உழுது, முதல் மூணு வருசம் மகசூல் குறைஞ்சதைத் தாங்கிக்கிட்டு, கரும்பாலையில் ரசாயனம் எதுவும் போடாமல் சர்க்கரை ஓட்டி, சலிச்சு, பொட்டணம் கட்டியிருக்கோம். இத்தனையும் செய்துபோட்டு, வாங்க வந்தவங்க பணத்தைக் கையில் வெச்சுக்கிட்டு நிற்கும்போது, கடைசி இடத்தில் வழி மறிச்சு நிறுத்தியிருக்கோம். வருகிறவங்க எல்லாம் விலையைப் பார்த்துட்டுத் திரும்பிப் போறாங்கன்னுதான் அதுவரை குழுக் கூட்டத்தில் பேசிக்கிட்டு இருந்தோம். விலை காரணம் இல்லை. நாங்க வைத்த வாசல்தான் காரணம்.

இது எங்க ஒரு குழுவோட கதை மட்டும் இல்லை. இணையக் கடைகளை ஆராய்கிற பேமார்டு நிறுவனம் பல ஆய்வுகளைச் சேர்த்துச் சொல்கிற கணக்கு, கூடையில் பொருள் போடுகிற 100 பேரில் சுமார் 70 பேர் வாங்காமலே போகிறார்கள் என்பது. சும்மா பார்க்க வந்தவங்களும் அதில் உண்டு. ஆனால் வாங்க நினைச்சு வந்தவங்க திரும்பிப் போகச் சொல்கிற காரணங்களில் முன்னால் நிற்பவை, கடைசியில் ஏறும் கூடுதல் செலவும், கணக்குத் தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும்தான். டீச்சரம்மா சொன்ன அதே ரெண்டு.

நமக்கு நடந்ததை நாமே செய்யலாமா?

அந்தக் கூலி 140 ரூபாய் விசயம் என்னை ரொம்ப உறுத்தியது. எங்க அப்பா காலத்தில் மஞ்சள் மூட்டையை மண்டியில் இறக்கிவிட்டு நிற்கும்போது நானும் கூட நின்றிருக்கேன். பேசும்போது ஒரு விலை. பணம் கைக்கு வரும்போது சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு, சாம்பிளுக்கு ஒரு கை, எடைக்கூலி, இறக்குக்கூலி. வண்டி வாடகை கொடுத்து மூட்டையைத் திருப்பி எடுத்துப் போக முடியாது என்று தெரிந்துதான் கடைசியில் அதையெல்லாம் சொல்வார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் வாங்கிக்குவார்.

1999-ல் உழவர் சந்தை வந்தபோது நமக்குப் பெரிதாகத் தெரிந்தது எது? தரகு இல்லை என்பது ஒன்று. இன்னொன்று, வாசலில் தொங்கின விலைப்பலகை. தக்காளி இவ்வளவு, கத்தரி இவ்வளவு என்று உள்ளே வரும்போதே தெரியும். எடைத்தராசு எல்லார் கண் முன்னாடியும் இருக்கும். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரே எண்ணைப் பார்த்துப் பேசுவாங்க. படிக்காத பாட்டிகூட அங்கே ஏமாறாமல் வாங்கிட்டுப் போகும்.

இணையத்தில் கடை போட்ட நாங்க அந்த விலைப்பலகையை மறந்துட்டு, மண்டியில் நமக்கு நடந்ததை வாடிக்கையாளருக்குச் செய்திருக்கோம். கடைசிப் பக்கத்தில் கழிவு சொல்கிற வேலை. இதுக்குச் சட்டத்திலேயே பேர் வெச்சிருக்காங்க. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறையில், வாங்குகிறவரைத் திசைதிருப்பும் 13 வகைத் தந்திரங்களைத் தடை செய்திருக்காங்க. விலையைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சொட்டச் சொட்டக் காட்டுவது அதில் ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் நைசாகச் சேர்ப்பது ஒன்று. "இன்னும் ரெண்டு பாக்கெட்தான் பாக்கி" என்று பொய்யாக அவசரப்படுத்துவது ஒன்று. அதுக்கு முன்னாடியே, 2020-ல் வந்த மின்வணிக விதிகளில், வாடிக்கையாளர் சம்மதத்தை நாமே டிக் அடிச்சு வைக்கக் கூடாது என்று சொல்லியாச்சு. எங்க கடையில் "மாதாமாதம் சலுகைச் செய்தி அனுப்பவும்" என்ற கட்டத்தில் டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது. வெப்சைட் செய்து கொடுத்தவங்க வைத்தது. நாங்க பார்க்கவே இல்லை.

அவசரத்தில் செய்த ரெண்டாவது தப்பு

டீச்சரம்மா பேசின அடுத்த வாரம் குழுக் கூட்டத்தில் சொன்னேன். "எதுக்குப்பா இந்த வெப்சைட் எல்லாம்? மூடிப்போட்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கலாம், ஆளுக்கு ஒரு நம்பர், அவ்வளவுதான்" என்றார் ஒரு அண்ணன். எல்லாருக்கும் அது சரி என்று பட்டது. கடையை மூடினோம். வாட்ஸ்அப்பில் ஆர்டர், எங்க குழுக்காரர் ஒருத்தரோட சொந்த நம்பருக்கு யூபிஐயில் பணம், கட்டியதுக்கு ஸ்கிரீன்ஷாட். ஆர்டர் விவரம் எல்லாம் இணையத்தில் ஒரே அட்டவணையில். பேர், போன் நம்பர், வீட்டு முகவரி, என்ன வாங்கினாங்க, எவ்வளவு பணம், கட்டியாச்சா இல்லையா.

எளிமையாத்தான் இருந்தது. ஆர்டரும் கூடுச்சு. ஆனால் அந்த அட்டவணையை, லிங்க் கையில் இருக்கும் யாரும் திறந்து பார்க்கலாம் என்று வைத்திருந்தோம். பொட்டணம் கட்டுகிறவங்க, வண்டி ஓட்டுகிறவங்க, எல்லாரும் பார்க்கணுமே என்று செய்த வசதி. அந்த லிங்க் எந்தெந்த குரூப்புக்குப் போச்சோ, இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

பங்குனியில் டீச்சரம்மாவுக்கு ஒருத்தன் போன் பண்ணியிருக்கான். எங்க குழுப் பேரைச் சொல்லியிருக்கான். "அம்மா, போன செவ்வாய்க்கிழமை ரெண்டு கிலோ சர்க்கரையும் கால் கிலோ மஞ்சள்தூளும் வாங்கினீங்களே, அதுக்கு ரெண்டு தடவை பணம் வந்திருக்கு. 320 ரூபாய் திருப்பி அனுப்பறோம். போனுக்கு ஒரு லிங்க் வரும், அதை அழுத்தி உங்க பின் நம்பரைப் போடுங்க, பணம் வந்துடும்." அழுத்தினாங்க. பணம் அனுப்பும் செயலி திறந்தது. பின் போட்டாங்க. 9,800 ரூபாய் போயிடுச்சு.

பணம் வாங்குறதுக்குப் பின் நம்பர் எப்பவுமே தேவையில்லை, கொடுக்கிறதுக்கு மட்டும்தான் அது. நம்மில் பலருக்கு இது தெரியும். அவங்களுக்கும் தெரியும். அப்புறம் ஏன் போட்டீங்கன்னு நான் கேட்கலை. அவங்களே சொன்னாங்க: "சர்க்கரை எத்தனை கிலோ வாங்கினேன்னு உங்களுக்கும் எனக்கும்தானே தம்பி தெரியும்? அதனாலதான் நம்பினேன்."

1930-க்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்தோம். இந்த எண்ணை எல்லாரும் போனில் போட்டு வெச்சுக்குங்க. பணம் போன உடனே கூப்பிட்டால், அது இன்னொரு கணக்குக்குத் தாவுறதுக்கு முன்னால் நிறுத்த வாய்ப்பு உண்டு. அவங்க எங்களிடம் சொன்னதே மறுநாள். பணம் திரும்பலை. குழுப் பணத்தில் இருந்து கொடுத்தோம். மூணு தடவை வேண்டாம்னு சொல்லிட்டு, பிறகு வாங்கிக்கிட்டாங்க. ஆனால், "இனி யார் போன் பண்ணி உங்க பேரைச் சொன்னாலும் நான் எப்படி நம்பறது?" என்று கேட்டாங்க பாருங்க, அதுக்குக் குழுப் பணத்தில் இருந்து எதையும் எடுத்துக் கொடுக்க முடியலை.

நஞ்சில்லாத உணவு என்று சொல்லித்தான் அந்தம்மா நம்மிடம் வந்தாங்க. கடையில் வாங்குகிறதை விட 30 ரூபாய் கூடக் கொடுத்து வாங்குறது அந்த ஒரு நம்பிக்கைக்காகத்தான். அந்த நம்பிக்கையை எங்க கவனக்குறைவு திருடன் கையில் கருவியாகக் கொடுத்துவிட்டது.

நாலு கட்டம் போதும்

எங்க பெரியண்ணன் மகள் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படிச்சுட்டு வேலை பார்க்கிறாள். அவளைக் கூப்பிட்டுப் பழைய 14 கட்டத்தையும் காட்டினேன். "சித்தப்பா, ஒவ்வொரு கட்டத்துக்கும் ரெண்டே கேள்வி கேளுங்க. இது இல்லைன்னா பொட்டணம் போய்ச் சேராதா? இது வெளியில போனா யாருக்கு நட்டம்?" என்றாள்.

பேர், போன் நம்பர், முகவரி, பின்கோடு. இந்த நாலு மட்டும் தேறியது. பின்கோடு போட்டால் ஊரும் மாவட்டமும் தானாகவே வந்துவிடும். 641 என்றால் கோவைப் பக்கம், 638 என்றால் ஈரோட்டுப் பக்கம். 1972-லிருந்து தபால்காரருக்கு இருக்கிற வசதிதான் அது. பிறகு எதுக்கு மாநிலம், மாவட்டம், தாலுகா என்று தனித்தனியாகக் கேட்கணும்? பாஸ்வேர்டு எடுத்தாச்சு. கணக்குத் தொடங்க வேண்டியதில்லை.

இப்படி எடுத்துவிட்டதில் ஒரு பெரிய விசயம் எனக்குப் புரிஞ்சது. கடை எளிமையா இருந்தா பாதுகாப்பு குறையும், பாதுகாப்பு வேணும்னா நாலு பூட்டுப் போடணும், வாடிக்கையாளருக்குக் கொஞ்சம் சிரமமாத்தான் இருக்கும் என்றுதான் அதுவரை நினைச்சிருந்தேன். நம்ம மாதிரி சின்னக் கடைக்கு அது பெரும்பாலும் பொய். நாம் வாங்கி வைக்காத பிறந்த தேதியை யாரும் திருட முடியாது. நாம் வைக்கச் சொல்லாத பாஸ்வேர்டு கசியாது. குறைச்சுக் கேட்டால் அவங்களுக்கும் சிரமம் இல்லை, நமக்கும் காவல் வேலை குறைவு. கட்டுத்தரையில் மாடு அதிகமானால் காவலும் அதிகமாகும், அந்தக் கணக்குதான்.

அமெரிக்காவில் ஜாரெட் ஸ்பூல் என்கிற வடிவமைப்பாளர் எழுதிய ஒரு அனுபவம் உண்டு. ஒரு பெரிய இணையக் கடையில் பணம் கட்டும் முன் "பதிவு செய்க" என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு "தொடர்க" என்று வைத்து, கணக்குத் தொடங்கத் தேவையில்லை என்று ஒரு வரி எழுதினார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் வருசத்தில் 30 கோடி டாலர் கூடுதல் விற்பனை. நமக்கு அத்தனை வேண்டாம். வாசலில் நிற்கிற டீச்சரம்மா உள்ளே வந்தால் போதும்.

பணம் கைமாறும் இடம்

அடுத்தது பணம். இதில் நாம் அறிவாளித்தனம் எதுவும் காட்டக் கூடாது என்பது என் கருத்து. கார்டு எண்ணை நம் பக்கத்தில் வாங்கவே கூடாது. 2022 அக்டோபர் 1 முதல், கார்டு கொடுத்த வங்கியும் கார்டு நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற பணப்பரிமாற்ற நிறுவனத்தின் பக்கத்துக்கு வாடிக்கையாளரை அனுப்பிவிட்டால், கார்டு, ஓடிபி எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். நமக்கு வருவது "பணம் வந்தது" என்ற செய்தி மட்டும். அதுக்கு அவங்க ஒரு கட்டணம் எடுப்பாங்க. யூபிஐக்கு எவ்வளவு, கார்டுக்கு எவ்வளவு, எத்தனை நாளில் நம் வங்கிக் கணக்குக்கு வரும் என்று எழுத்தில் வாங்கிக்குங்க.

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை நாலு.

ஒன்று, தொகையை நம் பக்கக் கணினிதான் கணக்குப் போடணும். வாடிக்கையாளர் போனில் இருந்து வரும் தொகையை அப்படியே நம்பினால், விவரம் தெரிந்தவன் 1,500 ரூபாய்க் கடலை எண்ணெய்யை 15 ரூபாய் என்று மாற்றி அனுப்பிடுவான். வெப்சைட் செய்கிறவரிடம் இதை நேராகவே கேளுங்க.

ரெண்டு, ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது. பணம் கட்டின மாதிரிப் படம் தயாரிப்பது சின்னப் பையனுக்கும் முடியும். எங்களுக்கு அப்படி ரெண்டு வந்தது. பணம் வந்ததா என்பதைப் பரிமாற்ற நிறுவனத்தின் கணினி நம் கணினிக்கு நேராகச் சொல்லணும். அந்தச் செய்தி உண்மையில் அவர்களிடம் இருந்துதான் வந்ததா என்பதையும் சரிபார்க்கணும். யூபிஐ க்யூஆர் கொடுத்தாலும், தொகையும் ஆர்டர் எண்ணும் அதுக்குள்ளேயே இருக்கும்படி ஒவ்வொரு ஆர்டருக்கும் தனியாக வரணும். தனி ஆளோட நம்பருக்குப் பணம் வாங்கினால், கணக்கும் குழம்பும், குழுவுக்குள் மனசும் குழம்பும்.

மூணு, பணம் போயிடுச்சு, ஆனால் ஆர்டர் விழலை என்கிற நிலை. நம்ம ஊர் சிக்னலுக்கு இது அடிக்கடி நடக்கும். அந்த நேரத்தில் வெறும் "தோல்வி" என்று காட்டினால், பாவம், இன்னொரு தடவை கட்டுவாங்க. "உங்கள் வங்கியின் பதிலுக்குக் காத்திருக்கிறோம், மறுபடி கட்ட வேண்டாம்" என்று தமிழில் காட்டணும். பொத்தானை ரெண்டு தடவை அழுத்தினாலும் ஆர்டர் எண் ஒன்றாகவே இருக்கணும். யூபிஐயில் கணக்கில் இருந்து பணம் போய், கடைக்கு உறுதி வரவில்லை என்றால், 5 நாளுக்குள் தானாகத் திரும்பணும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே சொல்லியிருக்கிறது. இந்த விவரத்தை அந்தப் பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வைங்க. பாதிப் பயம் போயிடும்.

நாலு, மொத்த விலை. கூடையில் பொருள் விழுந்த உடனே, பின்கோடு கேட்டு, அனுப்பும் கூலியோடு சேர்ந்த மொத்தத்தைக் காட்டிடணும். உழவர் சந்தைப் பலகை மாதிரி. கூலி அதிகமாகத் தெரிந்தால், "இன்னும் ஒரு கிலோ சேர்த்தாலும் இதே கூலிதான்" என்ற உண்மையைச் சொல்லலாம். மறைக்கக் கூடாது.

முகவரிக் கட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்ம சனங்க முகவரி "மாரியம்மன் கோயிலுக்கு எதிர்ல, மாடி வீடு" என்றுதான் இருக்கும். அதை அப்படியே எழுத ஒரு பெரிய கட்டம் கொடுங்க. போன் நம்பர் கட்டத்தைத் தொட்டால் எண் பலகை வரணும். எழுத்து பெரிதாக, தமிழில் இருக்கணும். தப்பு வந்தால் தப்பான கட்டத்தை மட்டும் காட்டணும், நிரப்பினதை அழிக்கக் கூடாது.

ஸ்டிக்கர் ஒட்டினால் நிலம் மாறுமா?

வெப்சைட் செய்கிறவங்க பூட்டுப் படம், "100 சதவீதம் பாதுகாப்பானது" முத்திரை எல்லாம் ஒட்டிக் கொடுப்பாங்க. முகவரிக்கு முன்னால் ஹெச்டிடிபிஎஸ் இருப்பது கட்டாயம்தான், அதுக்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அதோட அர்த்தம், போகிற வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டும்தான். கடைக்காரன் யோக்கியனா என்று அது சொல்லாது. எங்க பழைய கடையிலும் அது இருந்தது. அந்த அட்டவணைக்கும் இருந்தது. கதவைத் திறந்து போட்டது நாங்க.

"ஆர்கானிக்" என்று ஸ்டிக்கர் ஒட்டினால் நிலம் மாறிடுமா? உள்ளே என்ன நடக்கிறது என்பதுதானே கணக்கு. எங்க குழுவில் அஞ்சு பேர் ஒரே பாஸ்வேர்டை வைத்துக் கடைக் கணக்கைத் திறந்துக்கிட்டிருந்தோம். ஊர்ப் பேரும் 123-ம் சேர்ந்த பாஸ்வேர்டு. இப்போது ஆளுக்கு ஒன்று, போனுக்கு வரும் எண்ணையும் போட்டால்தான் திறக்கும். குழுவை விட்டுப் போகிறவங்க அனுமதியை அன்னிக்கே எடுத்துவிடுகிறோம். பொட்டணம் கட்டுகிறவங்களுக்குப் பொருள் பட்டியல் மட்டும் தெரியும், வண்டி ஓட்டுகிறவருக்குப் பேர், முகவரி, போன் நம்பர் மட்டும். வரவுசெலவுக்குத் தேவையான பில் தனியா இருக்கும், மற்ற விவரத்தைப் பொருள் போய்ச் சேர்ந்த சில வாரத்தில் அழிச்சிடறோம். தனிநபர் விவரங்களைக் காப்பதற்கு 2023-ல் சட்டமே வந்தாச்சு. சின்னக் குழு என்று சொல்லித் தப்பிக்கிற காலம் போயிடுச்சு.

ஆர்டர் முடிந்ததும் போகும் செய்தியின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கோம்: "பணம் திருப்பித் தருவதாகச் சொல்லி நாங்கள் போன் செய்து லிங்க், ஓடிபி, பின் எதையும் கேட்க மாட்டோம்." அதுக்குக் கீழே குறைகளைக் கேட்கும் எங்க ஆளோட பேரும் நம்பரும். 2020 விதிப்படி, புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்லணும், ஒரு மாசத்துக்குள் தீர்க்கணும். நல்ல மனுசன் இதைச் சட்டம் சொல்லித்தானா செய்யணும்?

வாட்ஸ்அப் போதாதா?

போதும். 30 குடும்பத்துக்குக் கொடுக்கிறவருக்கு வாட்ஸ்அப்பே போதும், நோட்டில் எழுதி வைங்க, அது இன்னும் நல்லது. அவங்க முகம் உங்களுக்குத் தெரியும். முகம் தெரியாத நூறு பேருக்கு மேல் போகும்போதுதான் சரியான வாசல் வைக்கணும் என்கிறேன்.

"பெரிய கம்பெனி ஆப்பில் விற்கலாமே, பாதுகாப்பை அவங்க பார்த்துக்குவாங்க" என்று சொல்கிறவங்களும் உண்டு. விற்கலாம். யாரோ ஒருவர் சந்தையைச் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது என்ற நினைப்பில் அரசு தொடங்கிய ஓஎன்டிசி, 2022 ஏப்ரலில் சோதனையாக ஆரம்பித்த அஞ்சு ஊர்களில் நம்ம கோயமுத்தூரும் ஒன்று. அதில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் நிறையச் சேர்ந்திருக்காங்க. அதையும் பயன்படுத்துங்க. ஆனால் பணம் கட்டும் வாசல் முழுக்க அடுத்தவர் கையில் இருந்தால், வாங்குகிறவர் யார் என்று நமக்குத் தெரியாது, விளைவித்தவர் யார் என்று அவருக்குத் தெரியாது. மறைமுக ஏலத்தில் சீட்டுப் போடுகிற வியாபாரிக்கும் நமக்கும் இருக்கிற உறவுதான் அது. அதில் இருந்து வெளியே வரத்தானே இவ்வளவும் செய்கிறோம்? சின்னதா இருந்தாலும் நமக்கென்று ஒரு வாசல் இருக்கட்டும்.

பி.ஜி.எஸ். குழுவில் என்ன செய்கிறோம்? என் தோட்டத்தை நீங்க வந்து பார்க்கிறீங்க, உங்க தோட்டத்தை நான் வந்து பார்க்கிறேன். உரக்கிடங்கைத் திறந்து காட்டுகிறோம். அதே மாதிரி, ஒரு குழுவின் கடையை இன்னொரு குழு பார்க்கணும் என்பது என் யோசனை. வருசத்துக்கு ரெண்டு தடவை. வீட்டில் வயசான அம்மாவிடமோ அத்தையிடமோ போனைக் கொடுத்து, நீங்க வாயே திறக்காமல் பக்கத்தில் உட்காருங்க. அரைக்கிலோ ஏதாவது வாங்கச் சொல்லுங்க. எங்கே தயங்கறாங்க, எந்தக் கட்டத்தில் "இது எதுக்கு?"ன்னு கேட்கறாங்க, எத்தனை நிமிசம் ஆகுது, கடைசித் தொகையும் முதலில் பார்த்த தொகையும் ஒண்ணா என்று எழுதிக்குங்க. பிறகு, கடைக் கணக்கு யார் யார் கையில் இருக்கிறது, ஆர்டர் பட்டியல் எங்கே கிடக்கிறது, யாரெல்லாம் திறக்கலாம் என்று கேளுங்க. எழுதினதை அடுத்த கூட்டத்தில் மறைக்காமல் படிங்க. எங்க கடையை முதலில் பார்க்க வரலாம். தப்பு இன்னும் இருக்கும், சொன்னால் திருத்திக்கிறோம்.

டீச்சரம்மா மறுபடி வாங்குறாங்க. புதுக் கடை வந்த பிறகு முதல் மூணு மாசம், பொட்டணம் கைக்கு வந்த பிறகுதான் பணம் கொடுத்தாங்க. அதுக்கும் வழி வைத்திருந்தோம், வெச்சது நல்லதாப் போச்சு. நாலாவது மாசம் யூபிஐயில் அவங்களே கட்டினாங்க. கட்டின உடனே எனக்குப் போன் பண்ணி, "தம்பி, இந்தச் செய்தி அனுப்பினது நீங்கதானே?" என்று ஒரு தடவை கேட்டுக்கிட்டாங்க. இப்பவும் ஒவ்வொரு மாசமும் கேட்கறாங்க. நானும் ஒவ்வொரு தடவையும் "ஆமாங்க டீச்சரம்மா, நாங்கதானுங்க" என்று சொல்லிக்கிட்டிருக்கேன்.